எண்ணெய்க்கு முன் களிமண்: காவிரி–மன்னார்ப் படுகையில் பிந்திப்போன ஒரு கேள்வி

பெங்களூரு லால்பாகில் நகரத்துக்கு நடுவே எழுந்து நிற்கும் பாறைமேட்டுக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். மைசூர் சமஸ்தானத்துப் புவியியல் துறையினர் 'தீபகற்ப நைஸ்' என்று பெயரிட்ட அந்தப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். எண்ணெய் தேடுவோர் அப்படிப்பட்ட பாறையைப் பொதுவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெப்பத்தில் உருமாறி இறுகிப்போன அதில் உயிர்ச்சத்தும் இல்லை, எண்ணெய் தங்குவதற்கு மணற்கல்லில் இருப்பதுபோன்ற நுண்துளைகளும் இல்லை. ஆனால் தென்னிந்தியாவைத் தாங்கும் அதே தொல்பாறைத் தளம் கிழக்கே சரிந்து, காவிரிப் படுகையின் வண்டலுக்கு அடியில் புதைந்து, கடலுக்குள்ளும் நீள்கிறது. அங்கே, பரங்கிப்பேட்டைக்கு அப்பால் உள்ள பி.ஒய்-1 வயலில், 2009 முதல் எரிவாயு வெளிவந்தது வெடிப்பு விட்ட அந்த அடித்தளப் பாறையிலிருந்துதான். தானாக ஒரு துளி எண்ணெயையும் உண்டாக்க முடியாத பாறைக்குள் எரிவாயு எப்படி வந்தது? பக்கத்துப் பள்ளங்களில் படிந்திருக்கும் கரிய களிப்பாறைகள் வெந்து கசிந்ததை அதன் வெடிப்புகள் வாங்கிக்கொண்டன. வெடிப்போ நுண்துளையோ இருந்தால் எந்தப் பாறையிலும் எண்ணெய் தங்கலாம். தங்குவதற்கு முதலில் அது எங்கோ உருவாகியிருக்க வேண்டும். உருவாக்கித் தரும் அந்தக் களிப்பாறையையே புவியியலாளர்கள் மூலப்பாறை என்கிறார்கள்.

காவிரிப் படுகையிலும், அதன் தென்கோடியாகவும் தனிப் படுகையாகவும் கருதப்படும் மன்னார் வளைகுடாவிலும் நடந்த எண்ணெய்த் தேடலின் வரலாற்றைப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. முதலில் கேட்டிருக்க வேண்டிய மூலப்பாறைக் கேள்வி அங்கே மிகவும் பிந்தியே கேட்கப்பட்டது. கிணறு வறண்டபோது 'இங்கே எண்ணெய் இல்லை' என்றார்கள். கிணற்றில் வாயு வந்தபோது 'கடலுக்கடியில் புதையல்' என்றார்கள். இரண்டு தீர்ப்புகளும் மூலப்பாறையின் சாட்சியம் இல்லாமல் எழுதப்பட்டவை. அந்தச் சாட்சியத்தின் ஒரு பகுதியோ எண்ணெய்த் துறை இங்கே கால்வைப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஓடைகளிலும் குன்றுகளிலும் திரட்டப்பட்டிருந்தது. அதைத் திரட்டிய மரபில் பெங்களூருக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு.

1840களில் புதுச்சேரி, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் ஆங்கிலேய அலுவலர்கள் பொறுக்கிய புதைபடிவங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை 1846இல் விவரித்தார். 1860களின் தொடக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்த நிலத்தை வரைபடமாக்கி, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்தார். ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா 1863 முதல் 1873 வரை அவற்றின் கடலுயிர்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தபோது, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் அடுக்குகள் உலகப் புவியியலில் ஓர் அளவுகோலாகவே ஆயின. இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பணி பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே புவியியல் பேராசிரியராக இருந்த எல். ராம ராவ், நின்னியூர் சுண்ணாம்புக்கற்களில் கிடைத்த பாசிப் படிவங்களை ஆஸ்திரிய அறிஞர் ஜூலியஸ் பியாவுடன் சேர்ந்து 1936இல் வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்ப் படிவங்களைக் கொண்டு அடுக்குகளின் வயதைக் கணிக்கும் முறையை மாணவர்களுக்குப் பழக்கினார். சி. வி. ராமன் பெங்களூரில் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில், தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் பாறைகள் பற்றி அதுவரை அறியப்பட்டதை 1956இல் தொகுத்து எழுதியவரும் அவரே. இந்தியப் புவியியல் சங்கம் 1958இல் பெங்களூரில் உருவானபோது அதன் முன்னோடிகளில் ஒருவராகவும் இருந்தார்.

அந்த 1956ஆம் ஆண்டில்தான் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம், அதாவது ஓ.என்.ஜி.சி., ஆணையமாக உருப்பெற்றது. ஒரே ஆண்டில் இரண்டு வேலைகள். ஒன்றின் கையிலிருந்த விடை மற்றதன் கேள்விக்கு உரியது என்பதை அன்று எவரும் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. பழம்படிவ அறிஞர்களுக்கு அந்தக் களிப்பாறை காலத்தைச் சொல்லும் ஏடு. எண்ணெய்ப் பொறியாளர்களுக்கோ அது துளையிடும்போது கடந்துபோக வேண்டிய வெறும் களிமண். அவர்கள் தேடியது நிலநடுக்க அலைப்பதிவுகளில் மேல்நோக்கி வளைந்து தெரியும் அமைப்பையும் அதற்குள் நல்ல மணற்கல்லையும்தான். காரைக்காலில் 1964இல் காவிரிப் படுகையின் முதல் ஆழ்துளைக் கிணறு இறங்கியது. நரிமணத்தில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது 1985 வாக்கில். இடையே 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இந்தத் தாமதத்துக்கு நிதி, கருவி, நிலஅமைப்பின் சிக்கல் எனப் பல காரணங்கள் உண்டு. கும்பகோணம், மாதானம், காரைக்கால், மண்டபம் எனப் புதைந்த மேடுகளும் அவற்றிடையே ஆழப் பள்ளங்களுமாக உடைந்து கிடக்கும் படுகை இது. கோண்டுவானா நிலம் பிளந்தபோது இழுபட்டுச் சரிந்த துண்டுகள் அவை. ஆனால் இப்படி உடைந்த படுகையில்தான் எந்தப் பள்ளத்தில் மூலப்பாறை வெந்திருக்கிறது என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம். மேட்டின் உச்சியில் எண்ணெயைத் தேக்கிவைக்கும் பொறி எவ்வளவு அழகாக அமைந்தாலும், அருகிலுள்ள பள்ளம் ஊட்டவில்லை என்றால் அது காலியாகவே இருக்கும்.

இது பிற்கால அறிவை முற்காலத்தின் மீது ஏற்றிப் பேசுவது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் இருக்கிறது. மூலப்பாறையை விரைவாகவும் மலிவாகவும் அளக்கும் ராக்-எவல் முறையைப் பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனத்தினர் வெளியிட்டது 1977இல்தான். ஆனாலும் எண்ணெய் உயிரிலிருந்து பிறக்கிறது என்பதற்கான வேதியியல் சான்றை, அதாவது பச்சையத்தின் வழிவந்த போர்ஃபிரின்கள் கச்சா எண்ணெயில் இருப்பதை, ஆல்ஃபிரட் டிரைப்ஸ் 1934 முதலே காட்டியிருந்தார். பாறையை எரித்து அதிலுள்ள கரிமத்தை அளப்பது எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் முடிந்த காரியம். ஆகவே 1964இல் முழு விடை கிடைத்திருக்காது என்று ஒப்புக்கொள்ளலாம். கேள்வியைக்கூட எழுப்ப முடியாத காலம் அது என்று சொல்ல முடியாது. 1977க்குப் பிறகு அந்தச் சமாதானமும் செல்லாது.

அளவை என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பொது விவாதங்களில் வருகிற பெரும் எண்களை எடைபோட இதுதான் தராசு. முதலில் பாறையில் மொத்தக் கரிமம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். எடையில் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் வறிய பாறை. 1 முதல் 2 வரை நல்லது. 2க்கு மேல் மிக நல்லது. பிறகு 100 மில்லிகிராம் அளவே உள்ள பொடியைக் காற்றின்றிச் சூடாக்குகிறார்கள். 300 டிகிரி செல்சியஸ் அளவில் ஏற்கெனவே உருவாகித் தேங்கிய எண்ணெய் ஆவியாகி வெளியேறும். அதற்கு மேலே சூடு ஏறஏற, கெரோஜன் எனப்படும் கரையாத கரிமப் பொருள் உடைந்து, இனிமேல் தரக்கூடியதைத் தருகிறது. அந்த இரண்டாம் வெளியேற்றம் உச்சத்தைத் தொடும் வெப்பநிலை 435 டிகிரிக்குக் குறைந்தால் பாறை இன்னும் வேகவில்லை என்று பொருள். கடைசியாக, கரிமத்தின் இனம். ஏரிப் பாசியும் கடல் மிதவை உயிர்களும் கொடுத்த கெரோஜன் எண்ணெய் தரும். இலையும் கட்டையும் கொடுத்த மூன்றாம் வகைக் கெரோஜன் பெரும்பாலும் வாயுவே தரும். அளவு, இனம், வேக்காடு: மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

காவிரிப் படுகையில் பிற்பாடு இந்த அளவைகள் எடுக்கப்பட்டபோது இரண்டு அடுக்குகள் முன்னுக்கு வந்தன. ஒன்று, படுகை பிளந்து இறங்கிக்கொண்டிருந்த முற்கால கிரெட்டேசியஸைச் சேர்ந்த ஆண்டிமடம் அடுக்கு. மற்றது, கடல் உள்ளே பரவிய பின் படிந்த சாத்தப்பாடி களிப்பாறை; ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமை. நரிமணத்தின் எண்ணெய் இவற்றைவிட மிக இளைய, மூன்றாம் காலத்து மணற்கற்களில் கிடைத்தது. அந்த இளைய அடுக்குகள் பெரும்பாலும் எண்ணெய் பிறக்கும் வெப்பத்தை எட்டாதவை. எனவே கீழே கிரெட்டேசியஸ் பள்ளங்களில் உருவான எண்ணெய் பிளவுகள் வழியே மேலேறி வந்து அங்கே தங்கியது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். 1988இல் கடலில் கண்டறியப்பட்டு 1997இல் உற்பத்திக்கு வந்த பி.ஒய்-3 வயலின் மிக இலேசான எண்ணெயும், பி.ஒய்-1இன் அடித்தளப் பாறை வாயுவும், நரிமணமும் வெவ்வேறு வயதுப் பாறைகளில் தங்கியவை. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் இழை தங்கிய இடத்தில் இல்லை. ஊட்டிய களிப்பாறையில் இருக்கிறது.

சாத்தப்பாடி களிப்பாறையின் வயதொத்த அடுக்கு நிலத்தின் மேலேயே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டி மழையில் அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் களிநிலம்தான் அது. அம்மோனைட் எனும் சுருள் ஓட்டுக் கடலுயிர்களுக்கும் படிகப் படிகமாகச் சிதறிக் கிடக்கும் ஜிப்சத்துக்கும் பெயர்பெற்ற இடம். சற்று மேற்கே, தெரணியின் வெள்ளைக் களிமண் குழிகளில், இன்னும் பழைய அடுக்கில், இலைப் படிவங்கள் கிடைக்கின்றன. ஆண்டிமடம் அடுக்கோடு ஒப்பிடத்தக்க காலத்தவை. இங்கே இன்னொரு மறுப்பு எழுகிறது: பல்லாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்புக் களிமண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறையின் வளத்தைச் சொல்ல முடியுமா? வளத்தைச் சொல்ல முடியாதுதான். காற்றுப்பட்ட கரிமம் எரிந்துபோயிருக்கும்; ஜிப்சம் அந்த ஆக்சிஜனேற்றத்தின் சுவடாகவும் இருக்கலாம். வேக்காடும் மேற்பரப்பில் தெரியாது, அந்தப் பாறை ஆழப் புதைந்ததே இல்லை. ஆனால் இனத்தைச் சொல்ல முடியும், காலத்தைச் சொல்ல முடியும். முதலில் இலை மக்கும் ஆற்று–ஏரிப் பள்ளங்கள், பிறகு அம்மோனைட் நீந்திய, அடியில் களி அமைதியாகப் படிந்த கடல் என்ற வரிசையைத் தெரணியும் காரையும் சேர்ந்தே சொல்கின்றன. கீழடுக்கு வாயுவை நோக்கியும் மேலடுக்கு ஓரளவு எண்ணெயை நோக்கியும் சாயும் என்ற எதிர்பார்ப்பு அந்த வரிசையிலேயே இருக்கிறது. சாத்தப்பாடி, காரை அடுக்குகளின் காலத்தில் உலகக் கடல்கள் பலமுறை ஆக்சிஜன் குறைந்து கரிய களிகளைப் படியவிட்டன என்பதையும் சேர்த்துக்கொண்டால் எதிர்பார்ப்பு இன்னும் கூர்மையாகிறது. ஸ்டோலிக்ஸ்காவும் ராம ராவும் இதற்காக உழைக்கவில்லை. ஆனால் அவர்கள் வகுத்த கால வரிசை இல்லாமல் கிணற்றுத் துகளின் வயதை எவரும் சொல்லியிருக்க முடியாது.

மன்னார்க் கடலுக்கு வருவோம். ஒரே பிளவில் பிறந்த கடலடிப் பள்ளத்தை 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இந்தியா, இலங்கை என்ற இரண்டு நாடுகளுக்குப் பிரித்தன. அதே ஆண்டுகளில் சோவியத் நிபுணர்களின் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் இறங்கின. 1976இல் மாரத்தான் நிறுவனம் பாக்கு நீரிணைப் பகுதியிலும் நெடுந்தீவு அருகிலும் துளையிட்டது. 1980களின் தொடக்கத்தில் சிட்டீஸ் சர்வீஸ் நிறுவனத்தின் கிணறுகள் வந்தன. அவற்றில் ஒன்றான பேர்ல்-1 மன்னார் வளைகுடாவின் வடபகுதியில் இறங்கியது. எதிலும் வணிக அளவு எண்ணெய் இல்லை. ஆகவே தேடலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. பெரும்பாலான அந்தக் கிணறுகள் ஆழமற்ற நீரிலும் புதைமேடுகளின் ஓரத்திலும் இறங்கியவை. மூலப்பாறை வெந்திருக்கக்கூடிய ஆழப் பள்ளமோ தெற்கே, 1,000 மீட்டருக்கு மேற்பட்ட நீருக்கு அடியில் இருக்கிறது. அடுப்பு இல்லாத அறையில் தேடிவிட்டு வீட்டில் சமையலே இல்லை என்று முடிவு கட்டியதைப் போன்றது அந்த நீண்ட மௌனம்.

இலங்கையின் பெட்ரோலிய வளச் சட்டம் 2003இல் வந்தது. 2008இல் கெய்ர்ன் நிறுவனத்துக்கு மன்னார்க் கடலில் ஒரு தேடல் தொகுதி ஒப்படைக்கப்பட்டது. 2011இல் டொராடோ, பராக்குடா கிணறுகள் வாயுவைக் கண்டன. டொராடோ 1,354 மீட்டர் நீருக்கு அடியில். அங்கே மணற்கல்லில் ஏறக்குறைய 25 மீட்டர் தடிமனுக்கு வாயு இருந்தது, 3,044 மீட்டர் ஆழத்திலிருந்து. செய்தித்தாள்களில் 3,000 மீட்டர் என்று படிக்கும்போது அது மிக ஆழமாகத் தோன்றும். ஆனால் பாறை வேகுவதற்குக் கணக்கில் வருவது கடல் மட்டத்திலிருந்து உள்ள ஆழம் அல்ல, கடல் தரையிலிருந்து உள்ள ஆழம். நீரைக் கழித்தால் எஞ்சுவது ஏறக்குறைய 1,700 மீட்டர்தான். கடல் தரை அங்கே மிகக் குளிர்ந்தது. 4 டிகிரி என்று கொண்டு, கிலோமீட்டருக்கு 30 டிகிரி வெப்பம் ஏறுவதாக வைத்துக்கொண்டாலும், அந்த மணற்கல் 55 டிகிரியைத்தான் எட்டும். எண்ணெய் பிறக்கத் தொடங்குவதே பொதுவாக 60 டிகிரிக்கு மேல். கெரோஜன் வெந்து உண்டாகும் வாயுவுக்கு அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். பராக்குடாவிலும் 1,509 மீட்டர் நீரைக் கழித்தால், 4,067 மீட்டரில் தொடங்கும் வாயு அடுக்கு கடல் தரைக்கு 2,560 மீட்டர் கீழேதான். அதே கணக்கில் 80 டிகிரியை ஒட்டி. ஆக அந்த வாயு இருக்கும் இடத்திலேயே வெந்து பிறந்ததல்ல. ஒன்று, மிக ஆழத்திலுள்ள மூலப்பாறையிலிருந்து ஏறி வந்திருக்க வேண்டும்; அல்லது ஒரு பங்கு நுண்ணுயிர்கள் மேலடுக்கில் உண்டாக்கியதாக இருக்க வேண்டும். இரண்டில் எது என்பதை வாயுவிலுள்ள கார்பனின் ஐசோடோப்பு விகிதமும், கீழுள்ள களிப்பாறையின் அளவையுமே தீர்மானிக்கும். ஊட்டிய களிப்பாறை ஆழத்தில் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே படுகையின் எதிர்காலம். அந்த அடுக்கையோ இதுவரை எந்தக் கிணறும் முறையாகத் தொடவில்லை. கிரெட்டேசியஸின் பிற்பகுதியில் பாய்ந்த எரிமலைக் குழம்பு இடையே உறைந்து, நிலநடுக்க அலைகளுக்குத் திரைபோட்டிருக்கிறது. 2013இல் இறங்கிய வாலகோ கிணறு வெறும் கையோடு திரும்பியது. 2015இல் கெய்ர்னும் விலகியது.

கர்நாடகத்தின் சொந்தக் கடற்கரைக்கும் இதே கதைதான், இன்னும் குறைந்த சான்றுகளோடு. மங்களூருக்கு மேற்கே விரியும் கேரள–கொங்கணப் படுகையை அரசின் வகைப்பாடு மூன்றாம் வகையில், அதாவது வளம் இருக்கலாம் என்று மட்டுமே சொல்லத்தக்க வரிசையில் வைத்திருக்கிறது. அங்கேயும் கிணறுகள் இறங்கின, வணிக வெற்றி இல்லை; எரிமலைப் பாறைக்குக் கீழே உள்ள பழைய அடுக்குகளைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. 'அங்கே ஒன்றுமில்லை' என்பதும் 'அங்கே ஏராளம்' என்பதும் இன்றைக்கு ஒரே அளவு ஆதாரமற்றவை.

கடைசி மறுப்பு கனமானது. புவி வெப்பம் ஏறும் காலத்தில், 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகமாக இருக்கும் மன்னார் வளைகுடாவில், மூலப்பாறையை ஆராய்வதே துளையிடலுக்கு வழிவிடுவது ஆகாதா? எண்ணெய்–எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் 2017இல் எழுந்ததையும், காவிரி டெல்டாவை 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டத்தையும் அறிந்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கவலையை ஏற்கிறேன், முடிவை ஏற்க இயலவில்லை. அறியாமை கடலைக் காப்பாற்றியதில்லை. தெரியாத வளத்துக்கு எந்த எண்ணையும் ஒட்டலாம், அந்த எண்ணைக் காட்டி எந்த உரிமத்தையும் கேட்கலாம். கரிமம் நிலத்தாவரச் சாயலுடையது, ஆகவே எண்ணெய் குறைவு, வாயு மட்டும், அதுவும் 1,300 மீட்டர் நீருக்குக் கீழே என்று அளவை சொன்னால், இலாபக் கணக்கு அங்கேயே சுருங்கும். வளம் பெரிதென்று சொன்னால், எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று மக்கள் கண்ணைத் திறந்துகொண்டு பேசலாம். இராமேசுவரத்து மீனவரும் பேசாலை மீனவரும் இன்று கேட்பது அரசியல்வாதிகள் சொல்லும் மதிப்பீடுகளை மட்டுமே. அவற்றின் அடியில் உள்ள கரிம விழுக்காடும் வெப்பநிலையும் அவர்கள் காதுக்கு வந்ததில்லை.

செய்யத்தக்கது புதிதாக ஒரு கிணறு தோண்டுவது அல்ல. காரைக்கால் முதல் பராக்குடா வரை ஏற்கெனவே எடுத்த பாறைத் துகள்களும் உருளை மாதிரிகளும் மூலப்பாறை ஆய்வுக்குப் பயன்படக்கூடியவை. ஓர் அளவைக்கு வேண்டியது ஒரு சிட்டிகைப் பொடி. இந்திய, இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அவற்றை ஒரே முறையில் அளந்து, எல்லைக் கோட்டின் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அறிக்கையாக, தமிழிலும் சிங்களத்திலும், கிணறு வாரியாக வெளியிட வேண்டும். தனியார் ஒப்பந்தத்தின் கீழ் எடுத்த மாதிரிகளுக்கு இரகசியக் காலம் உண்டு என்பது நியாயமே. அரை நூற்றாண்டுக்கு முன்னால் பொதுப் பணத்தில் தோண்டிய பேசாலைக் கிணறுகளுக்கும் காரைக்கால் கிணற்றுக்கும் அந்தச் சாக்கு பொருந்தாது. அந்த அறிக்கை வெளிவரும் வரை, மன்னார்க் கடலின் எண்ணெய் வளம் பற்றி எந்த மேடையில் எந்த எண் சொல்லப்பட்டாலும், எந்த மூலப்பாறையை எந்தக் கிணற்றில் அளந்து அதைச் சொல்கிறீர்கள் என்று வாசகர்கள் கேட்க வேண்டும்.